நாலாயிரம் கையெழுத்தும் இன்னொன்றும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலமா என்று முதல் வரியில் கேட்பதுதான் முறை. நீ இருக்கிற இடத்துக்கு அப்படி எழுதினால் கிண்டல் மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். வக்கீல் உன்னைப் பார்த்துவிட்டு வந்து, ஆள் இளைத்திருக்கிறான், ஆனால் எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறான் என்றார். சிறையில் போய் உட்கார்ந்துகொண்டும் மரியாதை பார்க்கிறவன் என் தம்பியாகத்தான் இருக்க முடியும். முடியை ஒட்ட வெட்டிவிட்டாயாமே. சின்ன வயதில் உனக்கு முடி வெட்ட இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இருமல் எப்படி இருக்கிறது? தரையில் படுக்காதே. போர்வையை இரண்டாக மடித்துப் போட்டுக்கொள். கேட்டால் இன்னொன்று தருவார்கள் என்று வக்கீல் சொன்னார். நீ கேட்கமாட்டாய், எனக்குத் தெரியும். உனக்குக் கேட்கத் தெரிந்திருந்தால் எத்தனையோ நடந்திருக்காது.

கம்பெனி என்ன ஆயிற்று என்று விசாரித்தாயாம். கம்பெனி என்று சொல்ல இப்போது ஒரு பூட்டும் அதன்மேல் அரக்கு முத்திரையும்தான் மிச்சம். மூன்றாவது மாடிக் கண்ணாடிக் கதவில் நம் விளையாட்டு மிஷினின் படம் இன்னும் இருக்கிறது. கையகல மிஷின், அதைப் பிடித்திருக்கிற சிரித்த முகப் பையன். சரியாக அவன் முகத்தின்மேல் கோர்ட் நோட்டீஸை ஒட்டியிருக்கிறார்கள். சீல் வைப்பதற்கு முதல் நாளே உள்ளே இருந்ததையெல்லாம் நம் ஆட்களே அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். சக்கர நாற்காலி, காபி மிஷின், சுவரில் இருந்த பெரிய டிவி, ஒன்றையும் விடவில்லை. உன் மேஜையை மட்டும் யாரும் தொடவில்லையாம். விற்காமல் நின்ற மிஷின்களைத் தீயணைப்புக்காரர்கள் மணல் போட்ட பீப்பாய்களில் புதைத்துக் கிடங்கில் வைத்திருக்கிறார்கள். சில நாள் மணலுக்குள்ளிருந்து அந்தத் தொடக்க இசை கேட்கிறது என்று கிடங்குக் காவல்காரர் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

விற்பனைத் தலைவரை நீங்கள் எல்லோரும் வாயாடி என்று கூப்பிடுவீர்களே, அவர் ரொம்ப சௌக்கியம். மேடையில் நின்று, இந்த மிஷினைக் குழந்தை கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்று சத்தியம் பண்ணினாரே, அதே ஆள்தான். விசாரணையில், "எனக்குப் பேசறதுக்குத்தான் சம்பளம் சார், உள்ள என்ன வச்சிருக்காங்கன்னு எனக்கென்ன தெரியும்" என்று கையை விரித்துவிட்டாராம். இப்போது வேறெங்கோ தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் விற்கிறார். கணக்கு அதிகாரி அப்ரூவராகிவிட்டார். கேட்டதற்கும் பதில் சொல்கிறார், கேட்காததற்கும் பதில் சொல்கிறார்.

என் வீட்டுக்காரர், உன் மாமாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இடைக்கால முன்ஜாமீன் இருப்பதால் வீட்டில் இருக்கிறார், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். காலிங் பெல் அடித்தால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறார். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தாலும் அப்படித்தான். அறிமுக விழா வீடியோவைச் சத்தம் இல்லாமல் போட்டுப் பார்க்கிறார். எல்லோரும் எழுந்து கைதட்டுகிற இடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதலாளியாக இருநூறு பேரை விரட்டி வேலை வாங்கிய மனுஷன், டீயில் சர்க்கரை போடட்டுமா என்று கேட்டால்கூட என் முகத்தைப் பார்க்கிறார். எனக்குப் பாவமாகவும் இருக்கிறது, ஓங்கி அறையலாம் போலவும் இருக்கிறது.

நம் மிஷின் கையில் வெடித்த அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வயது. நம் பாப்பாவைவிட ஒரு வயது பெரியவள். வலது கையில் மூன்று விரல் இல்லை. நான் யார் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். குழந்தை என்னிடம், "ஏழாவது கட்டம் வரைக்கும் போயிருந்தேன் ஆன்ட்டி, அது அப்படியே இருக்குமா?" என்று கேட்டது. இருக்கும் என்றேன். படி இறங்கும்போது அழுதேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவி, மறுபடியும் அழுது, மறுபடியும் முகம் கழுவிவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைக்காதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒவ்வொரு மிஷினையும் ஒரு ஆள் எட்டு மணி நேரம் விளையாடிப் பார்க்க வேண்டும், சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும், அந்தத் தாளில் உன் கையெழுத்து இல்லாமல் ஒரு பெட்டிகூட வெளியே போகக் கூடாது என்று விதி போட்டவனே நீதான். விழாத் தேதி நெருங்கியதும், மிஷின் வந்து சேர்வதற்கு முன்னாலேயே மாமா உன்னிடம் வெறும் தாள்களில் கையெழுத்துக் கேட்டார். பிறகு சோதித்து நிரப்பிக்கொள்ளலாம் என்றார். நீயும் போட்டாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் சாப்பாட்டு மேஜையில் நீ போடப் போட நான் தாள் எடுத்து அடுக்கினேன். மூவாயிரம் தாண்டியதும் விரல் மடங்கவில்லை என்றாய், நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். நாலாயிரம் கையெழுத்தில் ஒன்றுகூடக் கோணவில்லையே என்று விசாரணை அதிகாரியே அசந்துபோனார்.

அந்த அதிகாரி வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மாதிரிதான், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பேட்டரி வீங்கும் என்று யாருக்கு முன்கூட்டியே தெரியும் என்று கேட்டார். நான் பாப்பா விஷயத்தைச் சொன்னேன். முதல் மிஷின் உனக்குத்தான் என்று அவளுக்கு நீ வாக்குக் கொடுத்திருந்தாய். கடைசியில் கொடுக்கவில்லை. அவள் அப்பா கொண்டுவந்து கொடுத்ததையும் அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனாய். நீ கெட்ட மாமா என்று இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதாள். இதை நான் அந்த அதிகாரியிடம் சொன்னேன். "அவனுக்குத் தெரிஞ்சிருக்கு சார், அதான் எங்க பொண்ணுகிட்ட இருந்து வாங்கிட்டுப் போயிட்டான்" என்றேன். அவர் எழுதிக்கொண்டார். என் பெண்ணுக்குப் பத்து விரலும் இருப்பது உன்னால். அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் சொன்னேன்.

நீ வக்கீலிடம், "நான் மாமாகிட்ட சொன்னேன், அக்காவும் அங்கதான் இருந்தா, அக்காவைக் கேளுங்க" என்றாயாம். அவர் வந்து கேட்டார். தம்பி, எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு. நான் கரண்டியோடு உன் பக்கத்தில்தான் நின்றேன். "இருபதுல ஒண்ணு வீங்குது மாமா, அனுப்பிடாதீங்க" என்று நீ சொன்னாய். கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது, எனக்கு அது போதும் என்று அவர் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்தார். சாப்பிடறப்ப எதுக்குடா இந்தப் பேச்சு என்று உன்னை அடக்கியது நான். நீயும் அடங்கினாய். இது நமக்குள் இருக்கட்டும். வக்கீலிடம் நான் சமையலறையில் இருந்தேன், குழாய் திறந்திருந்தது, எதுவும் காதில் விழவில்லை என்றேன். அதிகாரியிடமும் அதையேதான் சொன்னேன். கோர்ட்டில் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

வக்கீல் உனக்காக ஒரு வாக்குமூலம் எழுதிக் கொண்டுவருகிறார். பேட்டரி கோளாறு உனக்கு மட்டும்தான் தெரியும், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் யாரிடமும் சொல்லாமல் மறைத்துவிட்டாய் என்று அதில் இருக்கும். படித்துப் பார்த்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே. கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். வியாழக்கிழமை மாமாவின் முன்ஜாமீன் மனு மறுபடியும் விசாரணைக்கு வருவதற்குள் போட்டாக வேண்டும், இல்லையென்றால் மாமாவை உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். அவர் ஒரு வாரம்கூடத் தாங்கமாட்டார். நீ தாங்குவாய். நீ தனி ஆள், உன்னை நம்பி யாரும் இல்லை. இங்கே பாப்பா இருக்கிறாள். தினமும் அப்பாவைத் தேடுவாள். அம்மா இறந்தபோது உனக்கு ஆறு வயது, எனக்குப் பதினாறு. படிப்பை விட்டுவிட்டு உன்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. இன்றைக்குச் சொல்லிக் காட்டுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் வக்கீலிடமே திருப்பிக் கொடுத்துவிடு. உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. உன்மேல் எனக்கு என்ன கோபம்? ஒன்றும் இல்லை. உன்னை நினைக்காமல் ஒரு வாய் சோறு இறங்குவதில்லை. பார்க்க வரவில்லையே என்று நினைக்காதே. வந்தால் நீ என் முகத்தைப் பார்ப்பாய்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. யாரோடும் வாயைக் கொடுக்காதே. எத்தனை வருஷமானாலும் நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

உன்னைப் பெறாமல் வளர்த்த,
அக்கா