பந்தலுக்குப் போட்ட மொட்டை

மாதா துணை

ஆத்தூர்
12-5-1963

அன்பு மகன் ஞானராஜுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் ஆடும் சுகம். திராட்சைப் பந்தலுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் நீ. பிரான்சில் உன் உடம்பு எப்படி என்று எழுது, படிப்பைப் பற்றி எழுத வேண்டாம், போன தடவை எழுதியதே போதும். கொத்தை மூடியிருக்கும் இலைகளைக் கிழக்குப் பக்கம் கிள்ளிவிடுங்கள், காலை வெயில் பட்டால் பழத்தில் மணம் கூடும் என்று உன் வாத்தியார் சொன்னதாக எழுதினாய் அல்லவா, உன் அப்பா அந்தக் கடிதத்தைச் சுவிசேஷம் மாதிரி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு ஏணி போட்டு மேலே ஏறிவிட்டார். அங்கே கொடியை வேலி மாதிரி வரிசையாக நிறுத்தி வளர்ப்பார்களாம், அதற்குக் கிழக்கும் மேற்கும் உண்டு. தலைக்கு மேல் படர்ந்த பந்தலுக்கு ஏதடா கிழக்குப் பக்கம்? அவர் கிழக்குப் பாதிப் பந்தலையே வழித்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னதற்கு, படிச்ச பிள்ள சொல்றான், நீ செத்த நேரம் சும்மா இரு என்றார். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னுத்துரை வந்து பார்த்துவிட்டு, என்ன மாமா, பந்தலுக்கு மொட்டை போட்டாச்சு, எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று கேட்டுவிட்டுப் போனான்.

பங்குனி உச்சி வெயில் நேராகக் கொத்தின் மேல் இறங்கியது. பத்தே நாளில் பழம் வெந்து சுருங்கிவிட்டது, முகர்ந்தால் பன்னீர் வாசம் போய் அவித்த வாசம். உன் தாத்தா காலத்திலிருந்து கோயில் பூசையில் வைக்கும் திராட்சை ரசத்துக்கு நம் தோட்டத்துப் பழம்தான் போகும். இந்த வருடம் இருதயநாதன் சாமியார் சித்தையன்கோட்டையில் பழத்துக்குச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கடைசி வரிசையில் நிற்கிறார்.

ஆனால் ஒன்று, ஆட்டுக்குத் தழை வேண்டுமென்று பந்தலின் கிழக்கு ஓரத்தில் தொங்கும் இலைகளை மட்டும் நான் தினமும் கிள்ளிப் போட்டிருந்தேன். அப்பாவின் கை எட்டாத அந்த ஓரத்துக்கு மேலே மட்டும் இலை மூடியபடியே இருந்ததால் அங்கே விழுந்தது சாய்ந்த காலை வெயில் மட்டும்தான். அந்தக் கொத்துகளில் இருந்த வாசம் இத்தனை வருடத்தில் நான் முகர்ந்ததில்லை. சாமியார் அந்த ஒரு கூடையை மட்டும் வாங்கிக்கொண்டார். உன் வாத்தியார் சொன்னது சரிதான், நம் ஆட்டிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அதுவே சொல்லியிருக்கும்.

பிள்ள வருத்தப்படுவான், இதெல்லாம் எழுதாதே என்றார் அப்பா. அதனால்தான் எழுதுகிறேன். இன்னும் இரண்டு வருடம் அங்கேயே இருக்கப் போவதாகச் சொல்கிறாய், போன இரண்டு வருடத்திலேயே பந்தலை மறந்துவிட்டாய். உன் தொட்டில் தொங்கியது அந்தக் கிழக்குப் பாதிக்குக் கீழேதான் ஞானம், உன் முகத்தில் வெயில் விழாமல் பார்த்துக்கொண்டதும் அந்த இலைகள்தான்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள். கொடியை வெட்டிவிடும் கவாத்துக்கு முன்னால் ஒரு நடை வந்து அப்பாவோடு முன் வரிசையில் நின்றுவிட்டுப் போ.

உன் அம்மா
ஜெயமேரி