தவக்காலத்தில் நின்ற ஃபேன்

அன்புக்கும் கோபத்துக்கும் உரிய என் அப்பாவுக்கு,

இன்று விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து இப்போதுதான் திரும்பினோம். நீங்கள் இல்லாத முதல் தவக்காலம். உங்கள் வேலைக்காகக் கம்பெனி கொடுத்திருந்த கைலாசபுரம் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கே.கே. நகருக்கு வந்துவிட்டோம். இங்கேயும் ஹாலில் ஒரே ஃபேன்தான்.

எழுபதுகளில் அந்தக் குவார்ட்டர்ஸில் நாம் எல்லோரும் ஒரே ஃபேனுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தது ஞாபகம் இருக்கிறதா? தவக்காலம் பிறந்ததும் அதை நிறுத்திவிடுவீர்கள். ஈஸ்டர் வரை சுவிட்சில் யாரும் கை வைக்கக்கூடாது. ஆண்டவருக்காக இதுகூடத் தாங்க முடியாதா என்பீர்கள். திருச்சி வெயிலில் தம்பிக்கு முதுகெல்லாம் வேர்க்குரு. அம்மா பனைவிசிறியோடு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

அவரவர் சிலுவையைத்தானே ஆண்டவர் தூக்கச் சொன்னார்? உங்களுடையதற்குத் தோள் கொடுக்க எங்களை ஏன் இழுத்தீர்கள்?

உங்களை வேஷக்காரர் என்று தள்ளிவிடவும் முடியவில்லை, அதுதான் எரிச்சல். பகலெல்லாம் வெல்டிங் ஷாப்பில் வெந்து வந்த உடம்பு உங்களுடையது. அந்தக் காற்று எங்களைவிட உங்களுக்குத்தான் தேவைப்பட்டது. அதை விட்டது பெரிய காரியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் படுத்திருந்தவர்களை ஒரு தடவையாவது திரும்பிப் பார்த்தீர்களா?

சற்றுமுன் தம்பி சுவிட்ச் வரை கையைக் கொண்டுபோய், உங்கள் படத்தைப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டான். அம்மா எழுந்து போய் அவரே ஃபேனைப் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா இருந்தவரை ஏன் வாயே திறக்கவில்லை என்று கேட்டேன்.

"ஃபேனைப் போடுங்கன்னு அவருகிட்ட கேக்கவே கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். அதுதான் என்னோட ஒறுத்தல். அவரு காத்தை விட்டாரு, நான் பேச்சை விட்டேன்" என்றார்.

கேட்டதும் கோபம் இன்னும் கூடிவிட்டது அப்பா, அம்மா மேலும்தான். ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டு பேரும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நடுவில் கிடந்து வெந்தது நாங்கள்.

ஆனாலும் ஒறுத்தலை நான் விடுவதாக இல்லை. இன்றிலிருந்து என் பாய் காற்று எட்டாத சமையற்கட்டு ஓரத்தில். ஃபேன் அம்மாவுக்கும் தம்பிக்கும் ஓடும். இந்த வீட்டில் இனி என் தவத்துக்கு நான் மட்டுமே வியர்ப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிக்கொண்ட மூத்த மகள்,
ஆரோக்கியமேரி