எண்ணெய்த் தலையும் பேன் பரிசோதனையும்

அம்மா,

பேன் பரிசோதனை அறிவித்தல் இன்று காலை கையெழுத்துக்காக என் மேசைக்கு வந்தது. இங்கே சுவிஸில், வின்டர்தூரில் பள்ளிப் பிள்ளைகளின் தலை பார்க்கும் வேலை இப்போது எனக்குத்தான். நாடு முன்னேறுகிறது. ஆனால் அறிவித்தலில் அந்தப் பழைய வரி அப்படியே இருக்கிறது: தலைக்கு எண்ணெய் வைத்து அனுப்ப வேண்டாம்.

அப்போது எனக்குப் பத்து வயது. விடுமுறை முடிந்த முதல் கிழமை, யன்னலோரம் ஒரு நாற்காலி, வரிசையில் நாங்கள். பேன் பார்க்க வரும் அம்மையார் இரண்டு மரக்குச்சிகளால் தலைமயிரை வகிர்ந்து பார்ப்பார். மற்றவர்களின் தலைகளை வெறுங்கையால் பார்த்தவர், என் முறை வந்ததும் கையுறை போட்டார். பேன் இருக்கவில்லை. ஆனாலும் ஒரு கடிதம் தந்தார். தலை அழுக்கு, எண்ணெய் போகக் கழுவி வந்தால்தான் திங்கட்கிழமை வகுப்போடு மலை முகாமுக்குப் போகலாம்.

அந்த முகாமுக்காக நான் மாதக்கணக்கில் காத்திருந்தேன். ஷாம்பு போத்தலைத் தூக்கியது நான். பறித்து வைத்தது நீங்கள். அடுத்த நாள் வழமையைவிட ஒரு கை கூடுதலாக எண்ணெய் வைத்து, இரட்டைப் பின்னல் பின்னி, துப்புரவு வேலை உடுப்போடே, அம்மையார் மறுபடி வந்திருந்த வகுப்பறைக்கு என்னுடன் வந்தீர்கள். வகுப்பு முழுவதும் பார்க்க, அந்தக் குட்டி நாற்காலியில் அமர்ந்து கொண்டையை அவிழ்த்தீர்கள்.

“முதல் என்ரை தலையைப் பாக்கச் சொல்லு, பிள்ளை.”

சொன்னேன். அம்மையார் கையுறையோடு பார்த்தார். பேன் இல்லை என்றார். நீங்கள் எழுந்து நாற்காலியைக் காட்டினீர்கள்.

“இனி அவவை இருக்கச் சொல்லு. எங்கட ஆக்கள் பேன் பாக்கிறதெண்டால் மாறி மாறித்தான் பாக்கிறது.”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. முகாம் போய்விடும் என்ற பயத்தில், அம்மா நன்றி சொல்கிறா என்றேன். உங்கள் முகத்தில் நன்றிக்கான அறிகுறி எதுவும் இல்லை. நாற்காலியை மறுபடி காட்டினீர்கள். அவர் உட்கார்ந்தார்.

அவசரமில்லாமல், வகிடு வகிடாகப் பார்த்தீர்கள். ஓர் ஈர்கூட இல்லை. எனக்குப் பெரிய ஏமாற்றம்.

“துப்புரவாத்தான் இருக்கு. ஆனா காஞ்சு போய்க் கிடக்கு. கொஞ்சம் எண்ணெய் வைக்கச் சொல்லு.”

இதை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். அவர் என் கையிலிருந்த கடிதத்தை வாங்கி, மடித்துத் தன் பைக்குள் வைத்தார். பிறகு கையுறையைக் கழற்றிவிட்டு என் தலையை இன்னொரு தடவை பார்த்தார். முகாமுக்குப் போனேன்; திரும்பி வந்த தலையணை உறைகளில் என்னுடையதில் மட்டும் எண்ணெய்த் தடம் இருந்தது.

நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. இன்று அந்த வரியை வெட்டிவிட்டுத்தான் கையெழுத்திட்டேன். எண்ணெய்த் தலையில் பேன் எப்படித் தெரியும் என்று பள்ளிச் செயலாளர் தொலைபேசியில் கேட்டார். பார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும் என்றேன்.

நாளை அந்த நாற்காலியில் முதலில் உட்காரப்போவது நான். வரிசையில் முதலாவதாக நிற்கும் பிள்ளை என் தலையைப் பார்த்து முடித்த பிறகே அதன் தலையை நான் தொடுவேன். இனி எப்போதும் அப்படித்தான்.

தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு எழுதுகிறேன். தாளின் ஓரத்தில் பட்டிருக்கிறது. அழுக்கு அல்ல.