மாமா எழுதிய அப்பா

அன்புள்ள அண்ணாவுக்கு,

என் மகளை நீ கூப்பிடும் செல்லப் பெயரிலேயே "பட்டாணிக்கு" என்று கையெழுத்துப் போட்டு நீ அனுப்பிய புது நாவல் வந்து சேர்ந்தது. நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை.

போன வருடம் நடந்ததை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். அவரைப் பிரிந்து நானும் மகளும் இந்த ஊருக்கு வந்த மூன்றாவது மாதம், பதினொரு வயதுப் பிள்ளை தனியாகப் பஸ் ஏறி அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, அவளை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டு, "வந்து கூட்டிட்டுப் போ" என்று எனக்குப் போன் போட்டார். நான் வேலை பார்க்கும் எக்ஸ்ரே அறை வாசலில் நோயாளிகளை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பிறகு உன்னிடம் போனில் அழுதேன். நீ "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தாய். ஆறுதல் என்று நினைத்தேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாய் என்று இப்போதல்லவா தெரிகிறது!

உன் கதையில் பஸ் ரயிலாகிவிட்டது. ஆறு, படகு, திருடர்கள் எல்லாம் வருகிறார்கள். வரட்டும். ஆனால் முதல் தடவை முகம் கொடுக்காத அப்பா, இரண்டாம் தடவை ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுகிறாரே, அதை உனக்கு யார் சொன்னது? பிள்ளைகள் படிக்கிற கதை சந்தோஷமாக முடியணும் என்பாய். எந்தப் பிள்ளை படிக்கப்போகிறது என்று ஒரு நிமிடம் யோசித்தாயா?

அவள் அதை இரண்டு முறை படித்தாள். சனிக்கிழமை டிராயிங் கிளாஸுக்கு என்று கிளம்பியவள் மறுபடி பஸ் ஏறிவிட்டாள்.

இந்தத் தடவை வீடு பூட்டிக் கிடந்தது. அவர் வேறெங்கோ குடிபோய் இரண்டு மாதமாம். பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கீழே மருந்துக் கடைக்கார அம்மா அவளை உள்ளே உட்கார வைத்து எனக்குப் போன் செய்தார். அந்த அம்மா கண்ணில் படாமல் போயிருந்தால்? அவர் மேல் எனக்குள்ள ஆத்திரம் பழசாகி ஆறிவிட்டது. உன் மேல் உள்ளது இப்போதுதான் கொதிக்கிறது.

திரும்பும்போது அவள் அழவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்பா இப்ப எங்க இருக்காருன்னு மாமாவுக்குத் தெரியும்தானேம்மா? தெரியாம எப்படி எழுதுவாரு?" என்று கேட்டாள்.

புத்தகத்தைக் கிழித்துப் போடச் சொல்லவில்லை. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய், அதுதான் வயிற்றெரிச்சல். ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி இல்லை. வா. பரிசு கிரிசு எதையும் தூக்கிக்கொண்டு வராதே. அவள் எதிரில் உட்கார்ந்து, "எனக்குத் தெரியாதும்மா, நானா கற்பனை பண்ணி எழுதினது" என்று உன் வாயாலேயே சொல். அவள் கத்தினால் கத்தட்டும். எழுந்து மட்டும் போய்விடாதே.

நீ வருகிறாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், அண்ணா.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை