கார்புரேட்டரில் ஒரு துரும்பு

ஐப்பசி 14, செவ்வாய்

என் மனைவி வள்ளி இறந்துபோன நாளிலிருந்து தொடாத பழைய காரை இன்று டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு சந்தவாசல் போனேன். கார்புரேட்டரையே மாற்றிவிடுங்கள் என்று மெக்கானிக் சலீம் பாயிடம் சொன்னேன். அவர் கழற்றிப் பார்த்தார்.

"புதுசு இன்னாத்துக்குங்க? பெட்ரோல் வர்ற ஜெட்ல துரும்பு அடைச்சிருக்கு, அவ்ளோதான். வழியில நின்னாக்கூட கழட்டி ஊதிட்டு போய்ட்டே இருக்கலாங்க."

வாயால் ஊதி மாட்டினார். சாவியைத் திருப்பியதும் கார் கிளம்பிவிட்டது.

அவள் போன அன்று விடியற்காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அமிர்திக்கு மேலே ஒரு மேட்டில் கார் நின்றது. வள்ளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் கிடந்தாள். ஒரு ஜீப் வரும்வரை, ஒரு மணி நேரம், நான் சாவியையே திருப்பிக்கொண்டிருந்தேன். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மகள் கேட்டாள்: "இன்னாப்பா கோளாறு?"

"கார்புரேட்டரே ஒடைஞ்சிருந்துச்சாம்மா. அந்த எடத்துல யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதாம்."

"அப்ப நீ இன்னா பண்ணுவ, வுடுப்பா" என்று சொல்லி என் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். சாப்பிட்டேன்.