இடது பக்கம் சத்தம் வரவில்லை

ஒலிப்பதிவுக் கூடத்துக்காகப் பதிவான பேச்சுகளைக் காதால் கேட்டுத் திருத்திக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. வீட்டுக் கம்ப்யூட்டரில் ஹெட்போனின் இடது பக்கம் சத்தமே வரவில்லை என்று ஒரு வாரமாக மனைவியிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். அவர் எழுந்திருக்குமுன் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பியவள், அவருக்கு ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தாள். இரண்டு தாளைக் கசக்கிப் போட்டாள்.

"சாப்பாடு மூடி வச்சிருக்கேன், ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க. பெருக்கும்போது நான்தான் வயரை இழுத்துட்டேன்னு சொன்னீங்களே, அதனால நேத்து நீங்க வெளியே போனப்ப எல்லாத்தையும் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிற ஓட்டை, பின்னாடி இருக்கிற பச்சை ஓட்டை ரெண்டுலயும் ஹெட்போனை மாட்டினேன். செட்டிங்ஸும் சரியாத்தான் இருக்கு. மாடிவீட்டு அக்கா ஹெட்போனையும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். எனக்கு ரெண்டு காதுலயும் நல்லாக் கேட்குதுங்க."

பேனா அங்கேயே நின்றது. இடது பக்கமிருந்து கூப்பிட்டால் அவர் திரும்பாததை நேற்றுவரை வீம்பு என்றே அவள் நினைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல கோளாறு இல்ல. சாயந்திரம் அஞ்சு மணிக்குக் காது டாக்டர்கிட்ட பேர் கொடுத்திருக்கேன். நான் நேரா அங்க வந்துடறேன். சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்துடுங்க."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினாள்: "யார்கிட்டயும் சொல்லல. கோவத்துல வராம இருந்துடாதீங்க."

சாயந்திரம் அவள் போனபோது, அவர் அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு நேத்துதாங்க தெரிஞ்சது" என்றாள்.

அவர் தலை நிமிராமல், "எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும்" என்றார்.