கறுப்புக் கட்டத்துக்குள் என் பெயர்

1937 பிப்ரவரி 14, ஞாயிறு

ராஜாமணி வீட்டுக் கிணறும் கைவிட்டுப் போனது. போன வாரம் வரைக்கும் "உனக்குத்தான் தணிகைவேல், வேற யாருக்கு" என்று சொன்ன மனிதர். இன்று காலை கடலூர் ஆட்கள் நான்கு பேர் கடப்பாரையோடு அவர் கொல்லையில் நிற்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "அவங்க சீக்கிரம் முடிச்சிடுவாங்களாம்பா" என்கிறார். கிணறு என்ன தோசையா, சீக்கிரம் எடுத்துப் போட?

பதினெட்டு வருஷமாக இந்த வில்லியனூரில் கிணறு வெட்டும் காண்ட்ராக்டு. மாசி பிறந்து தண்ணீர் கீழே இறங்கும் காலம், எங்களுக்கு இதுதான் அறுவடை. ஆனால் பக்கிரியும் மற்ற ஐந்து பேரும் என் வீட்டு வேப்பமரத்தடியில் குந்தியிருக்கிறார்கள்.

"சித்திர பொறக்கறதுக்குள்ள வேல காட்டு மேஸ்திரி. இல்லன்னா கடலூர் பக்கம் பாலம் கட்டப் போறோம்" என்று பக்கிரி சொல்லிவிட்டான். அவர்கள் போனால் என்னிடம் மிஞ்சுவது கயிறும் கப்பியும்தான்.

என் வீட்டுக்காரி அமிர்தம் சும்மா இருப்பாளா? "உங்க தம்பி இருந்தா இப்படி ஆவுமா?" என்றாள். அவன் பேச்சை எடுக்காதே என்றேன். நாலு வருஷமாக இதே கேள்வி, இதே பதில்.

பிப்ரவரி 17, புதன்

ரயிலேறிப் புதுச்சேரி போனேன். வாரப் பத்திரிகை அச்சாபீஸ் முதலாளி முத்துசாமி நாற்காலி போட்டு உட்காரவைத்தார். விளம்பரம் செய்தால் வேலை வந்து குவியும் என்றார். என் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன். மற்றதெல்லாம் சின்ன எழுத்தில்தான் அடங்குமாம். போகட்டும், ஊருக்கு என் பெயர் தெரியாதா?

சுற்றிலும் பூக்கோடு போடலாமா என்று காட்டினார். கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. நான் வெட்டுவது கிணறு. "நல்லா கனமா, கறுப்பா, நாலு பக்கமும் அடச்சாப்ல போடுங்க" என்றேன்.

"கனமாவா?"

"கனமாவே."

ஒரு மாதிரி பார்த்தார். காசு கொடுக்கிறவன் நான்.

பிப்ரவரி 28, ஞாயிறு

பத்திரிகை வந்தது. கடைசிப் பக்கம், வலது கீழ்மூலை. "வில்லியனூர் தணிகைவேல்." எட்டு அடி தள்ளி வைத்தாலும் பெயர் தெரிகிறது. அமிர்தத்திடம் காட்டினேன். "என்னமோ போல இருக்குதே" என்றாள். எழுதப் படிக்கத் தெரியாதவளிடம் காட்டியது என் தப்பு.

மார்ச் 5, வெள்ளி

யாரும் வரவில்லை.

மார்ச் 9, செவ்வாய்

ஒருவன் வந்தான்! விளம்பரம் பார்த்துத்தான் வந்தேன் என்றான். மோர் கொடுத்தேன், வெற்றிலை கொடுத்தேன். எத்தனை அடி ஆழம் வேண்டும் என்று கேட்டேன். கிணறு வேண்டாமாம். அவன் இன்னொரு பத்திரிகையின் ஏஜண்டு. அதிலும் விளம்பரம் போட்டுக்கொள்கிறீர்களா என்று கேட்க வந்திருக்கிறான். வெற்றிலையைத் திருப்பி வாங்க முடியவில்லை.

மார்ச் 14, ஞாயிறு

இன்று நடந்ததற்குக் கோபப்படுவதா, சிரிப்பதா, எனக்கே தெரியவில்லை.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். தெருமுனையில் ஒப்பாரிச் சத்தம். யார் வீட்டில் என்ன என்று வேப்பங்குச்சியோடு வாசலுக்கு வந்தேன். என் பெரியம்மா மகள் சின்னபொண்ணு அக்கா, தவளக்குப்பத்திலிருந்து, தலையை விரித்துப் போட்டுக்கொண்டு மார்பில் அடித்தபடி வருகிறாள். பின்னால் ஆறு பெண்கள். எல்லாரும் என் வீட்டை நோக்கி.

என்னைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். தூக்கிய கை தூக்கியபடியே.

"அடப்பாவி! இன்னாடா நிக்கற?"

"நிக்காம?"

"பேப்பர்ல போட்டுகிறானேடா, கறுப்புக் கட்டம் கட்டி! எங்க மாப்பிள பார்த்துட்டு வந்து சொன்னாரு!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கருமாதிப் பத்திரிகை வந்தால் எப்படியிருக்கும்? நாலு பக்கமும் கறுப்பு, நடுவில் பெயர். அதைக் கையில் வாங்கினால் வீட்டுக்குள்கூடக் கொண்டுபோக மாட்டோமே, வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவோமே! கட்டத்தையும் பெயரையும் பார்த்தவன் எவன் கீழே இருக்கும் சின்ன எழுத்தைப் படிக்கப்போகிறான்? இருபது கருமாதிப் பத்திரிகையாவது வாங்கிக் கிழித்திருப்பேன். கனமாகப் போடு என்று நானே சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். என்னைப் போல முட்டாள் உண்டா?

ஏழு பேருக்கும் அமிர்தம் சோறு வடித்தாள். வடித்துக்கொண்டே சிரித்தாள்.

மார்ச் 15, திங்கள்

முத்துசாமியிடம் போய்க் கத்தினேன். "கனமாவான்னு கேட்டேனா இல்லியா?" என்கிறார். வேண்டுமானால் அடுத்த வாரம் "தணிகைவேல் உயிரோடு இருக்கிறார்" என்று இன்னொரு விளம்பரம் போடலாமாம், பாதிக் கட்டணத்தில். எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 21, ஞாயிறு

இந்த வாரம் மட்டும் மூன்று கும்பல் துக்கம் கேட்க வந்தது. ஒவ்வொரு தடவையும் நான் வெளியே வந்து நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. பாகூரிலிருந்து வந்த கலியபெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீ வெட்டுன கெணறு எங்க தெருவுல ஒரு கோடகூட வத்துனதில்லப்பா" என்றார். பதினெட்டு வருஷத்தில் ஒருநாள் இதை என் முகத்துக்கு நேரே சொன்னதுண்டா? செத்தால்தான் வாயைத் திறப்பார்களா?

சரி, புதுசாக ஏதாவது வெட்டும் எண்ணமுண்டா என்று கேட்டேன்.

"வயல்ல ஒண்ணு வெட்டணும்னு இருந்தேன். நீ போயிட்டன்னு கேட்டதும் கடலூர் ஆளுங்களுக்கு வெத்தல பாக்கு மாத்திட்டேனே."

சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. காசு கொடுத்து, நானே ரயிலேறிப் போய், எனக்கு வரவேண்டிய வேலையைக் கடலூர்க்காரனுக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்!

மார்ச் 29, திங்கள்

பக்கிரி கடப்பாரைகளை எண்ணி என்னிடம் ஒப்படைக்க வந்தான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. சித்திரைக்கு இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது என்றேன். "இருக்குது" என்றான். கடப்பாரைகளை வேப்பமரத்தில் சாத்திவிட்டுப் போனான்.

ஏப்ரல் 2, வெள்ளி

தம்பி சிங்காரவேலு வந்தான்.

மத்தியானம், நல்ல வெயில். நான் பின்கொல்லையில் கயிற்றுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆண் குரல், அழுகையும் கோபமுமாக. "நாலு வருசமா பேசல, வாஸ்தவம். அதுக்குன்னு எனக்கு ஒரு ஆளு அனுப்பக் கூடாதா அண்ணி? நான் பங்காளி இல்லியா? ஊரான் மாதிரி பொட்டலம் மடிச்ச பேப்பர்லயா எங்கண்ணன் போனத நான் பார்க்கணும்?"

திருக்கனூர்ச் சந்தையில் மிளகாய் வாங்கியிருக்கிறான். கடைக்காரன் மடித்துக் கொடுத்த காகிதம் என் விளம்பரம் வந்த பக்கம். தேதியைப் பார்த்தான், ஒரு மாதம் ஆகிவிட்டது, கருமாதியும் முடிந்திருக்கும் என்று கணக்குப் போட்டான். மிளகாயை அங்கேயே கொட்டிவிட்டு, அம்பட்டரிடம் போய்த் தலையையும் மீசையையும் மழித்து, ஏரியில் முழுகி, ஈரத்துணியோடு நடந்தே வந்திருக்கிறான்.

நான் எண்ணெய்க் கையோடு முன்பக்கம் வந்தேன்.

மொட்டைத் தலையும் மீசை போன முகமுமாக அவன் நின்ற நிலை... சிறுவயதில் அம்மை இறங்கித் தலை மழித்தபோது இருந்த அதே முகம். என்னைப் பார்த்தான். அமிர்தத்தைப் பார்த்தான். பிறகு நேராக வந்து என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தான்.

"உயிரோடவா குந்திகினு இருக்கற? என் மீசய யாருடா குடுப்பான்?"

அண்ணனை டா போட்டுப் பேசினான். பேசட்டும். நான் அழுதேன், எழுதுவதற்கு என்ன வெட்கம்.

இதையும் எழுதிவிடுகிறேன். ஏம்பலம் நாகராஜன் வயல் கிணற்றில் முப்பதாவது அடியில் ஊற்று வந்ததும் போதும் என்றவன் நான். இன்னும் ஐந்து அடி போகலாம் என்றவன் அவன். அந்தக் கோடையிலேயே கிணறு வறண்டது. ஊர் கேட்டபோது, இடம் பார்த்துச் சொன்னவன் தம்பிதான் என்று எல்லார் முன்னாலும் அவன் தலையில் கட்டினேன். அன்று போனவன். நாலு வருஷம் அவன் யாரிடமும் வாய் திறந்து உண்மையைச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, ஞாயிறு

இரண்டு பேரும் ஏம்பலம் போனோம். நாகராஜன் முதலில் சிங்காருவின் மொட்டையைப் பார்த்து, "கேள்விப்பட்டேன்பா, என்ன இருந்தாலும்..." என்று ஆரம்பித்தார். அவன் பின்னால் நான் வந்தேன். மனிதர் இரண்டடி பின்வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

விட்டுப்போன அந்த ஐந்து அடியை வெட்டித் தர வந்திருக்கிறோம், கூலி வேண்டாம், அன்றைக்குத் தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் எழுந்து வந்து கிணற்றை எட்டிப் பார்த்தார். "தண்ணி வந்தா மேல வயலுக்கும் ஒண்ணு வெட்டணும்" என்றார்.

பக்கிரிக்கு ஆள் அனுப்பினேன்.

ஏப்ரல் 24, சனி. ஏம்பலம்

முத்துசாமி கடிதம் போட்டிருக்கிறார். விளம்பரம் பலன் தந்ததா, மறுபடி போடலாமா என்று. என்ன பதில் எழுதுவது? அதைப் பார்த்துக் கிணறு கேட்டு ஒரு ஆள் வரவில்லை. அதைப் பார்க்காவிட்டால் சிங்காரு வந்திருக்க மாட்டான். பதில் எழுதவில்லை.

இன்று முப்பத்தைந்தாவது அடி. காலையிலேயே ஈரமண் வந்தது, பத்து மணிக்கு ஊற்று. நாகராஜன் மேலே நின்று கும்பிட்டார். கீழே சிங்காரு கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அண்ணாந்து கத்தினான். "இன்னும் ரெண்டடி போவலாம்ணா!" மீசை அரும்பத் தொடங்கியிருக்கிறது.

பக்கிரி என் முகத்தைப் பார்த்தான்.

"அவன் சொல்றபடி செய்" என்றேன். கயிற்றை இன்னும் கொஞ்சம் கீழே விட்டேன்.